ஆடிட்டர் கெடுவை விட்டுவிட்டாரா? சண்டைக்கு முன் செய்ய வேண்டியவை

ஆடிட்டர் தாக்கல் கெடுவைத் தவறவிட்ட விஷயம் பெரும்பாலும் வேறு யாராவது சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்கப் போனால் வங்கி மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேலன்ஸ் ஷீட் 2022-க்கு அப்புறம் ஆர்ஓசியில் ஏறவே இல்லையே சார்" என்பார். ஆர்ஓசி என்பது கம்பெனிகளின் பதிவாளர் அலுவலகம். இல்லையென்றால் கஸ்டமரின் அக்கவுண்ட்ஸ் ஆள் கூப்பிட்டு, உங்கள் பில் எங்கள் 2பி-யில் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) வரவில்லை, அதனால் ஜிஎஸ்டி தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பார். உடனே ஆடிட்டருக்கு போன் போடுவோம். போர்ட்டல் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்று பதில் வரும். அந்த அடுத்த வாரத்தை நம்பி மாதக்கணக்கில் பணம் விட்டவர்கள் நிறையப் பேர்.

தமிழ்நாட்டில் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணவன் மனைவியோ அண்ணன் தம்பியோ இரண்டு டைரக்டர்கள், ஆர்ஓசி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் எல்லாவற்றுக்கும் ஒரே ஆடிட்டர் ஆபீஸ் என்று ஓடும் கம்பெனிகள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கண்ணில் தாக்கல் செய்யவேண்டியது கம்பெனி, பொறுப்பு டைரக்டருடையது. ஆடிட்டர் மறந்துவிட்டார் என்பது உண்மையாகவே இருந்தாலும் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும். அதனால் முதலில் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு சாவிகளைத் திரும்ப வாங்குங்கள், நிலுவையைத் தாக்கல் செய்யுங்கள், ஆடிட்டரிடம் கணக்குத் தீர்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் முதல் நாளே சண்டை போட்டால் உங்கள் டேலி டேட்டாவும் டிஜிட்டல் கையெழுத்தும் அவர் மேசை டிராயரிலேயே தங்கிவிடும்.

நிலவரத்தை நீங்களே பாருங்கள்

ஆடிட்டரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு மாஸ்டர் டேட்டாவைத் திறந்தால், கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த தேதி, கடைசியாகத் தாக்கலான பேலன்ஸ் ஷீட்டின் தேதி, கம்பெனியின் நிலை ஆகியவை காசு செலவில்லாமல் தெரியும். பேலன்ஸ் ஷீட் தேதி 31-03-2022 என்று இருந்தால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் கணக்கு ஆர்ஓசிக்குப் போய்ச் சேரவில்லை. 100 ரூபாய் கட்டினால் கம்பெனியின் பொது ஆவணங்களையே திறந்து பார்த்து இறக்கிக்கொள்ளலாம். எந்தப் படிவம் எந்தத் தேதியில் போனது, யார் டிஜிட்டல் கையெழுத்து போட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். இறக்கிய கோப்புகளைத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் இவைதான் சாட்சி.

ஜிஎஸ்டி இன்னும் சுலபம். போர்ட்டலில் லாகின் செய்யாமலேயே ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, எந்த மாதத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்கள்), 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) எந்தத் தேதியில் தாக்கலானது என்ற அட்டவணையைப் பார்க்கலாம். உங்கள் கஸ்டமர் உங்களைப் பற்றி இப்படித்தான் தெரிந்துகொள்கிறார், நீங்களும் பாருங்கள். வருமான வரித் தளத்தில் கம்பெனி லாகினுக்குள் போய், தாக்கலான ரிட்டர்ன்கள் எவை, ஒப்புகை எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஎஸ்ஸுக்கு, அதாவது நீங்கள் பிடித்துக் கட்டும் வரிக்கு, வருமான வரித்துறையின் ட்ரேசஸ் தளம் இருக்கிறது. அதற்குள் போக முடியவில்லையா? சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த ஊழியர் ஒருவரிடம் அவர் பெயரில் கட்டப்பட்ட வரியைச் சொல்லும் 26ஏஎஸ் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பிடித்த பணம் அதில் ஏறவில்லை என்றால் டிடிஎஸ் ரிட்டர்ன் போகவில்லை, அல்லது பணமே கட்டப்படவில்லை. பிஎஃப்புக்கும் அப்படியே, ஒரு தொழிலாளியின் பாஸ்புக்கை உமங் ஆப்பில் பார்த்தால் எந்த மாதத்தோடு நின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆர்ஓசி தாமதம் கம்பெனியின் பணத்தோடு போய்விடும், பிஎஃப் நின்றால் உங்களை நம்பி மிஷினில் நிற்கிறவரின் பணம் போகிறது. எனவே எத்தனை நிலுவை இருந்தாலும் பிஎஃப், இஎஸ்ஐயை முதலில் சரிசெய்யுங்கள்.

தாக்கல் செய்துவிட்டேன் என்று ஆடிட்டர் ஏற்கெனவே பிடிஎஃப் அனுப்பியிருந்தால் அதையும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். நிரப்பப்பட்ட படிவம் மட்டும் இருந்தால் அது தாக்கலுக்குச் சாட்சி ஆகாது, யார் வேண்டுமானாலும் படிவத்தை நிரப்பி பிடிஎஃப் ஆக்கலாம். எஸ்ஆர்என் எண் (தாக்கலுக்கு எம்சிஏ தளம் கொடுக்கும் குறிப்பு எண்) இருக்க வேண்டும், பணம் கட்டிய சலான் இருக்க வேண்டும். சலானில் பணம் கட்டிய தேதி இருக்கிறதா, அல்லது கட்டக் காத்திருக்கிறது என்ற நிலையிலேயே அச்செடுத்து அனுப்பிவிட்டார்களா என்று பாருங்கள். ஆடிட் ரிப்போர்ட் என்றால் கையெழுத்துக்குக் கீழே 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்க வேண்டும். சிஏ இன்ஸ்டிடியூட்டின் யுடிஐஎன் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அது உண்மையா, எந்தத் தேதியில் எடுத்தது என்று காட்டிவிடும்.

எவ்வளவு போகும்

கணக்கு எளிது, ஆனால் தொகை பெரிது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டும். கூட்டம் நடந்த 30 நாளில் ஏஓசி-4 (நிதிநிலை அறிக்கைக்கான படிவம்), 60 நாளில் எம்ஜிடி-7 (ஆண்டு ரிட்டர்ன்), சின்னக் கம்பெனி என்றால் எம்ஜிடி-7ஏ. கூட்டமே நடக்கவில்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை, நடந்திருக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து எண்ணுவார்கள். கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் 100 ரூபாய். 2018 ஜூலையிலிருந்து இந்தக் கட்டணம்தான், உச்சவரம்பு கிடையாது. ஆட்டோ மீட்டர் மாதிரி, வண்டி நின்றாலும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு ஆண்டின் இரண்டு படிவங்களும் ஒரு முழு வருடம் தாமதமானால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டு, அவை முறையே மூன்று, இரண்டு, ஒரு வருடம் தாமதமாகியிருந்தால் 4,38,000. பத்து லட்சம் விற்றுமுதல் கூட இல்லாத கம்பெனிக்கும் இதே கணக்குதான்.

இது தாமதக் கட்டணம் மட்டும். இதற்கு மேல் ஆர்ஓசி தனியாக அபராதமும் போடலாம்: கம்பெனிக்கு 10,000 ரூபாய், அதன் பின் நாளுக்கு 100 வீதம் 2 லட்சம் வரை, டைரக்டருக்கு 50,000 வரை. சின்னக் கம்பெனி, ஒருநபர் கம்பெனி, ஸ்டார்ட்அப் என்றால் இதில் பாதிக்கு மேல் போகாது. இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விதி இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் 454-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னும் நிதிநிலை அறிக்கையும் தாக்கல் செய்யாத குறையை நோட்டீஸ் வருவதற்கு முன்போ, நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள்ளோ சரிசெய்துவிட்டால் அந்த அபராதம் போடக்கூடாது. தாமதக் கட்டணம் கட்டித்தான் ஆகவேண்டும், அபராதம் மட்டும் தவிரும். அதனால் ஆர்ஓசியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தால் அதன் தேதியைப் பாருங்கள், அந்த 30 நாள்தான் உங்கள் கையில் இருக்கும் அவகாசம். பல ஆபீஸ்களில் கம்பெனியின் பதிவு மின்னஞ்சலாக ஆடிட்டரின் மின்னஞ்சலையே கொடுத்து வைத்திருப்பார்கள், நோட்டீஸ் அங்கே போய்க் கிடக்கும். அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று நிதியாண்டு நிதிநிலை அறிக்கையோ ஆண்டு ரிட்டர்னோ போகவில்லை என்றால் பேச்சே வேறு. 164-வது பிரிவுப்படி டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள், அவர்கள் டைரக்டராக இருக்கும் மற்ற கம்பெனிகளில் பதவி போகும். 2017-ல் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். நிறையப் பேருக்கு அது நடந்த பிறகுதான் தங்கள் கம்பெனி தாக்கலே செய்யவில்லை என்று தெரிந்தது. இரண்டு ஆண்டு விடுபட்டு மூன்றாவது ஆண்டின் கெடு நெருங்குகிறது என்றால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதை முடியுங்கள்.

ஜிஎஸ்டியில் 3பி தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதத்துக்கு 20, விற்றுமுதலைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. தொகையைவிட, தொடர்ந்து விட்டால் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் முடங்குவதும் பதிவே ரத்தாவதும்தான் ஆபத்து. வரி பாக்கிக்கு 18 சதவீதம் வட்டி தனி. டிடிஎஸ் ரிட்டர்னுக்கு நாளுக்கு 200, பிடித்த வரித்தொகை வரை. வருமான வரி ரிட்டர்ன் கெடு தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு அந்த ஆண்டின் வியாபார நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகும் உரிமையும் போய்விடும். நஷ்டத்தில் ஓடிய கம்பெனிக்கு இதுதான் பெரிய அடி, பிறகு வரும் லாபத்தில் கழிக்க முடியாது.

சலுகைத் திட்டம் வரும் சார், அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று சில ஆடிட்டர்கள் சொல்வார்கள். 2018-லும் 2020-லும் அப்படித் திட்டங்கள் வந்தது உண்மைதான், 2020-ல் கூடுதல் கட்டணத்தையே தள்ளுபடி செய்தார்கள். நீங்கள் தாக்கல் செய்யும் நாளில் ஏதாவது திட்டம் நடப்பில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இல்லை என்றால் வருமோ வராதோ என்று ஒரு நாளைக்கு இருநூறு முன்னூறு விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஆடிட்டரிடம் பேசுவது

போனில் பேசுங்கள், ஆனால் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பும் பரவாயில்லை, மின்னஞ்சல் நல்லது. திட்டு, வருத்தம், பழைய நட்பு எதுவும் அதில் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் சார். இன்று எம்சிஏ தளத்தில் பார்த்தேன். நம் கம்பெனியின் கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி 31-03-2022 என்று காட்டுகிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ தாக்கல் செய்திருந்தால் எஸ்ஆர்என், பணம் கட்டிய சலான் இரண்டையும் இன்றே அனுப்புங்கள். செய்யவில்லை என்றால் ஆடிட் எந்த நிலையில் இருக்கிறது, என்னிடமிருந்து இன்னும் என்ன தாள் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதி அனுப்புங்கள். எங்கள் இருவரின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன்களையும் வாங்கிக்கொள்ள நாளை காலை ஆபீசுக்கு வருகிறேன்."

பதிலில் மூன்று வகை உண்டு. சிலர் நேராக ஒத்துக்கொண்டு, எப்போது முடிப்பேன் என்று தேதி சொல்வார்கள். சிலர் நீங்கள் பில் கொடுக்கவில்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் வரவில்லை, ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பார்கள். இது உண்மையா என்று உங்கள் பக்கத்துப் பழைய மெசேஜ்களை நேர்மையாகப் பார்த்துவிடுங்கள். அவர் மூன்று முறை கேட்டும் நீங்கள் கொடுக்கவில்லை என்றால் பழியைப் போடும் பேச்சை விட்டுவிட்டு, தாள்களைக் கொடுத்து வேலையை முடிப்பதுதான் சரி. மூன்றாவது வகை, போனையே எடுக்காதவர்கள். அவர்களுக்கு அதே மின்னஞ்சலை அச்செடுத்து, போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

இதற்கிடையில் அவர் உண்மையில் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஆடிட்டர் என்று கூப்பிடுகிறவர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆகவும் இருக்கலாம், சிஏ ஒருவரிடம் கையெழுத்து வாங்கித் தரும் டாக்ஸ் கன்சல்டன்ட் ஆகவும் இருக்கலாம். உங்கள் பழைய ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்து போட்டிருப்பவரின் பெயரையும் ஆறு இலக்க மெம்பர்ஷிப் எண்ணையும் பாருங்கள், அவரை ஒருநாளாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? கையெழுத்திட்டவர் வேறு, வேலை செய்தவர் வேறு என்றால் இருவருக்குமே எழுத வேண்டும். கையெழுத்துப் போட்ட சிஏவுக்கு விஷயமே தெரியாமல் இருப்பதும் உண்டு, அவரை நேரில் போய்ப் பார்த்தாலே பாதி வேலை நகர்ந்துவிடும்.

சாவிகளைத் திரும்ப வாங்குங்கள்

நம் ஊரில் இது சர்வசாதாரணம்: டைரக்டரின் டிஎஸ்சி டோக்கன், அந்தச் சின்ன யுஎஸ்பி குச்சி, ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் ரப்பர் பேண்டு போட்டு, பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, இன்னும் நாற்பது பேருடைய டோக்கன்களோடு கிடக்கும். அது உங்கள் கையெழுத்து. அதை வைத்து உங்கள் பெயரில் எதையும் தாக்கல் செய்யலாம், நீங்கள் இல்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது. முதல் வேலையாக அதை வாங்கிவந்து பின் நம்பரை மாற்றுங்கள். தர இழுத்தடித்தால் வாதாட வேண்டாம், டிஎஸ்சி கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யச் சொல்லிவிட்டு புதிது எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ சரிபார்ப்போடு விரைவில் கிடைத்துவிடும், அதை எம்சிஏ தளத்தில் மறுபடி இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பாஸ்வேர்டுகளும் பதிவு மின்னஞ்சல், மொபைல் எண்களும். எம்சிஏ, வருமான வரி, ட்ரேசஸ், ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ, எல்லாவற்றிலும் ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது என்று பாருங்கள், கம்பெனி எண்ணுக்கு மாற்றுங்கள். ஜிஎஸ்டியில் மின்னஞ்சலும் மொபைலும் ஆடிட்டருடையதாக இருந்து அவர் ஒத்துழைக்கவில்லை என்றால், உங்கள் வட்டார ஜிஎஸ்டி அதிகாரியிடம் பான், அடையாளச் சான்று, நீங்கள்தான் டைரக்டர் என்பதற்கான தாள்களோடு போனால் மாற்றித்தர வழி இருக்கிறது. வருமான வரித் தளத்தில் டைரக்டரின் டிஎஸ்சியைக் கொண்டே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்.

மூன்றாவது, டேட்டாவும் தாள்களும். டேலி பேக்கப், தாக்கலான ரிட்டர்ன்கள், சலான்கள், மினிட்ஸ் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பேங்க் ஸ்டேட்மென்ட்கள், அசல் பில்கள் எல்லாம் கம்பெனியின் சொத்து. ஆடிட்டின்போது ஆடிட்டர் தனக்காக எழுதி வைத்த வேலைத் தாள்கள் மட்டும் அவருடையவை, அவற்றைக் கேட்காதீர்கள். மற்றவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு, வாங்கியதில் இரு பக்கமும் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள். ஃபீஸ் பாக்கி உண்மையிலேயே இருந்தால், அதில் தகராறு இல்லாத பகுதியை இந்தச் சமயத்தில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். காரணம் அடுத்த பகுதியில் தெரியும்.

அவரையே முடிக்க விடுவதா, மாற்றுவதா

என் கருத்து இதுதான். ஆடிட் முடிந்து தாக்கல் மட்டும் விடுபட்டிருந்தால், அவர் தவறை ஒத்துக்கொண்டால், பத்து நாள் கெடு கொடுத்து அவரையே முடிக்கச் சொல்லுங்கள், அதுதான் வேகமான வழி. புதிய ஆள் வந்து பழைய கணக்கைப் புரிந்துகொள்ளவே வாரங்கள் ஆகும். ஆனால் ஒரே ஒரு முறையாவது போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தால், பொய்யான தாள் அனுப்பியிருந்தால், கட்டச் சொல்லிக் கொடுத்த பணம் கட்டப்படாமல் இருந்தால், மாற்றிவிடுங்கள். மறதியை மன்னிக்கலாம். பொய் சொன்னவரிடம் டேட்டாவை விட்டுவைத்தால் அடுத்த பொய்யை எங்கே தேடுவீர்கள்?

கன்சல்டன்ட் என்றால் ஒரு மின்னஞ்சலில் நிறுத்திவிடலாம். சட்டப்படி நியமிக்கப்பட்ட ஸ்டாட்யூட்டரி ஆடிட்டர் என்றால் முறை இருக்கிறது. அவர் காலம் முடிவதற்கு முன் கம்பெனி அவரை நீக்கவேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதியும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும், சின்னக் கம்பெனிக்கு அது தேவையில்லாத அலைச்சல். எனவே ராஜினாமாக் கடிதம் கேளுங்கள். அவர் ராஜினாமா செய்தால் 30 நாளுக்குள் ஏடிடி-3 படிவத்தை அவர்தான் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் பக்கத்தில் போர்டு 30 நாளுக்குள் புதியவரை நியமித்து, மூன்று மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி, நியமனத்துக்கான ஏடிடி-1 படிவம் போட வேண்டும்.

புதிய ஆடிட்டர் பழையவரின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) வாங்கிவாருங்கள் என்பார். பல பேர் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். பழையவர் அனுமதி கொடுத்தால்தான் புதியவர் வரமுடியும் என்று விதி கிடையாது. புதியவர் பழையவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே சிஏ சட்டத்தின் முதல் அட்டவணை சொல்வது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொண்டு, நியாயமான நாட்கள் பார்த்துவிட்டுத் தொடரலாம். ஆனால் தகராறில்லாத ஆடிட் ஃபீஸ் பாக்கி இருந்தால் புதியவர் ஏற்கக்கூடாது என்று இன்ஸ்டிடியூட் சொல்கிறது. பாக்கியைக் கொடுத்துவிடச் சொன்னது இதனால்தான்.

முன்தேதி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்

பழையவரோ புதியவரோ, யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "கூட்டம் செப்டம்பர் 30-ல் நடந்ததாக மினிட்ஸ் எழுதிவிடலாம் சார், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்." வேண்டாம். ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் யுடிஐஎன் எடுக்க வேண்டும், அந்த எண்ணுக்குப் பின்னால் தேதி பதிவாகியிருக்கும். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஆடிட் ரிப்போர்ட்டை 2023 செப்டம்பர் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டதாக மினிட்ஸ் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க ஆர்ஓசிக்குப் பெரிய விசாரணை தேவையில்லை. தாமதம் பணத்தோடு போகும். தெரிந்தே பொய்யான தகவலைப் படிவத்தில் கொடுப்பது கம்பெனிகள் சட்டத்தின் 448-வது பிரிவில் மோசடிக்கான தண்டனை வரை இழுத்துச் செல்லும், அதில் கையெழுத்து உங்களுடையது. கூட்டம் தாமதமாக நடந்தால் தாமதமாக நடந்ததாகவே காட்டுங்கள். அதற்கான குற்றத்தை சமரசக் கட்டணம் கட்டித் தீர்த்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது.

தாக்கல் செய்யும் வரிசை: டைரக்டரின் டின் எண் (டைரக்டர் அடையாள எண்) கேஒய்சி இல்லாமல் முடங்கியிருந்தால் 5,000 ரூபாய் கட்டி முதலில் அதை உயிர்ப்பியுங்கள், அது இல்லாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து போட முடியாது. அப்புறம் ஆடிட்டர் நியமனத்துக்கான ஏடிடி-1 விடுபட்டிருந்தால் அது. பிறகு பழைய ஆண்டிலிருந்து தொடங்கி ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ. கையில் பணம் குறைவாக இருந்தால் ஒரு ஆண்டை முழுதாக முடித்து அடுத்ததற்குப் போங்கள், மூன்று ஆண்டுத் தொடர்ச்சி விழாமல் பார்த்துக்கொள்வதே குறி. ஜிஎஸ்டியில் பழைய மாதத்தை முடிக்காமல் அடுத்த மாதத்துக்குப் போக போர்ட்டலே விடாது. உங்கள் கஸ்டமர்களுக்கு, விடுபட்ட பில்கள் எந்தத் தேதிக்குள் 2பி-யில் வரும் என்று நீங்களே எழுதிச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்கு அவர்கள் வரவு எடுக்க, அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம், அதைத் தாண்டினால் அந்த நஷ்டத்தை உங்களிடம்தான் கேட்பார்கள்.

கம்பெனியை நீக்கப்போகிறோம் என்று ஆர்ஓசி நோட்டீஸ் வந்திருந்தால் 30 நாளுக்குள் பதில் கொடுத்து, நிலுவைகளைத் தாக்கல் செய்யத் தொடங்கிய சான்றுகளை இணையுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை என்று இரண்டு ஆர்ஓசி அலுவலகங்கள் இருக்கின்றன, உங்கள் கம்பெனி எதில் என்று மாஸ்டர் டேட்டாவே சொல்லும். ஏற்கெனவே நீக்கிவிட்டார்கள் என்றால் சென்னையில் உள்ள என்சிஎல்டியில் (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) 252-வது பிரிவில் மனுப்போட்டுத்தான் மீட்க வேண்டும், கம்பெனியோ பங்குதாரரோ அரசிதழில் வெளியான 20 ஆண்டுக்குள் போகலாம். இதை ஒரு வக்கீலோ பிராக்டிஸ் செய்யும் கம்பெனி செக்ரட்டரியோ இல்லாமல் முயல வேண்டாம்.

பணத்தை யார் கொடுப்பது

நிலுவை முடிந்து, எல்லா சலானும் கையில் வந்த பிறகு, கட்டிய தாமதக் கட்டணத்தை ஒரு தாளில் கூட்டுங்கள். நீங்கள் தகவல் கொடுத்த தேதி, அவர் தாக்கல் செய்திருக்க வேண்டிய தேதி, உண்மையில் தாக்கலான தேதி, கட்டணம் என்று நான்கு கட்டம் போதும். தாள் தாமதமாகக் கொடுத்த நாட்களை உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அவரிடம் கேளுங்கள். நேரில் உட்கார்ந்து பேசினால் பல ஆடிட்டர்கள் முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியைத் தருவார்கள், அல்லது ஃபீஸில் கழித்துக்கொள்வார்கள். நியாயமான பகுதி கிடைத்தால் எழுதி வாங்கி முடித்துவிடலாம். சில ஆயிரத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதில் அர்த்தமில்லை. தொகை லட்சங்களில் இருந்தால், அலட்சியம் தாளில் தெளிவாகத் தெரிந்தால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பி சிவில் வழக்குப் போடலாம், பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

புகார் வேறு விஷயம், அதில் உங்களுக்குப் பணம் திரும்பாது. சிஏ என்றால் இன்ஸ்டிடியூட்டின் ஒழுங்கு நடவடிக்கை இயக்குநருக்கு, படிவம் 1-ல், 2,500 ரூபாய் கட்டணத்தோடு கொடுக்கலாம். சிஏ சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கடமையில் பெரும் அலட்சியம் ஒரு குற்றம். கட்டச் சொல்லிக் கொடுத்த கிளையன்ட் பணத்தை நியாயமான காலத்துக்குள் அதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது இன்னொரு குற்றம். கம்பெனி செக்ரட்டரி என்றால் அவர்களுடைய இன்ஸ்டிடியூட். எதிலும் உறுப்பினர் அல்லாத கன்சல்டன்ட் என்றால் இந்த வழி கிடையாது, போலீசும் சிவில் கோர்ட்டும்தான்.

ஒருமுறை மறந்து, ஒத்துக்கொண்டு, தன் செலவில் சரிசெய்து கொடுத்தவர் மேல் நான் புகார் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி கட்ட, டிடிஎஸ் கட்ட என்று தன் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்கி வைத்துக்கொண்டு போலி சலான் அனுப்பியவர் மேல் கட்டாயம் கொடுங்கள். அதே ஆபீஸ் டிராயரில் இன்னும் பல பேருடைய டோக்கன்கள் கிடக்கின்றன, அவர்களுக்கு இது இன்னும் தெரியாது. புகாரோடு உங்கள் வங்கியிலிருந்து அவருக்குப் போன தொகையின் ஸ்டேட்மென்ட், அவர் அனுப்பிய சலான், அந்தச் சலான் எண் துறையின் தளத்தில் இல்லை என்று காட்டும் பக்கம், உங்கள் மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைத்து, ஒரு முழு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆடிட்டருக்கு முதல் ஃபீஸ் கொடுக்கும் முன்பே, வரிப்பணம் கம்பெனி வங்கிக் கணக்கிலிருந்து நேராக அரசுக் கணக்குக்கு மட்டும் போகும், தாக்கல் செய்த அன்றே எஸ்ஆர்என்னும் சலானும் வரவேண்டும், டிஎஸ்சி எங்கள் பீரோவில்தான் இருக்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.